திமிங்கிலக் கப்பலும் டேர்ம் ஷீட்டும்: மாசசூசெட்ஸ் பயணக் குறிப்புகள்

ஸ்டார்ட்அப் உலகத்தில் புழங்குகிறவர்கள் அமெரிக்கா போனால் நேரே கலிஃபோர்னியாவுக்குத்தான் போவார்கள். முதலீட்டு நிறுவனங்கள் வரிசையாக இருக்கும் சேண்ட் ஹில் ரோட்டில் ஒரு படம், பாலோ ஆல்டோவில் ஹியூலெட்டும் பேக்கார்டும் தொழில் தொடங்கிய கார் ஷெட் வாசலில் இன்னொரு படம். எனக்கு ஒரு கூட்டம் அமைந்தது கிழக்குக் கரையில், பாஸ்டனில். ஆரம்ப நிலை நிறுவனங்களின் விண்ணப்பங்களைப் படித்து, அவற்றைத் தொடங்கிய பவுண்டர்களிடம் பேசி, யாருக்குப் பணம் போடலாம் என்று ஒரு சிறு நிதிக்குச் சொல்வது என் தொழில். கூட்டம் முடிந்த பிறகும் வார இறுதிவரை அங்கேயே தங்கிவிட்டேன். புது நிறுவனங்களில் பங்குக்குப் பணம் போடும் வென்ச்சர் கேபிடலும், அவற்றுக்குச் சிறு தொகையும் சில மாதப் பயிற்சியும் தரும் ஆக்சிலரேட்டரும் வேர்விட்ட மண் இதுதான். அந்த இடங்களை நடந்தே பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அன்றன்று இரவு எழுதி வைத்ததைத் தேதிவாரியாகப் போடுகிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய் – கேம்பிரிட்ஜ்

லோகன் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் சில்வர் லைன் பஸ்ஸில் டிக்கெட்டே கேட்கவில்லை. விமான நிலையத்தில் ஏறுகிறவர்களுக்கு இலவசமாம். ஊருக்குள் நுழைந்த பிறகு எதுவும் இலவசம் இல்லை. இந்த வார இறுதியில் சார்ல்ஸ் ஆற்றில் பெரிய படகுப் போட்டி. அதனால் கேம்பிரிட்ஜில் அறை வாடகை எட்டாத உயரத்தில் நிற்கிறது. ரெட் லைன் ரயிலில் தெற்கே குயின்சியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். ரயிலுக்கு ஒரு தடவைக்கு 2.40 டாலர்.

பையை வைத்துவிட்டு உடனே ஹார்வர்ட் சதுக்கத்துக்குக் கிளம்பினேன். அங்கிருந்து வடக்கே கார்டன் தெரு. இருபுறமும் மரவீடுகள், வாசல்படிகளில் பூசணிக்காய்கள். வெயில் கண்ணைக் கூசியது, ஆனால் காற்று காதைக் கடித்தது. பத்து நிமிடத்தில் ஒரு கடையில் நுழைந்து கம்பளித் தொப்பி வாங்கினேன், 24 டாலர்.

கார்டன் தெருவும் வாக்கர் தெருவும் சந்திக்கும் முனையில் சற்று நின்றேன். பெயர்ப் பலகை தவிர ஒன்றும் இல்லை. 2005 மார்ச் 11 இரவு, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த பால் கிரஹாமும் ஜெசிகா லிவிங்ஸ்டனும் இந்த முனையில்தான் 'நாமே ஒரு முதலீட்டு நிறுவனம் தொடங்கிவிடலாம்' என்று முடிவெடுத்தார்கள். அதுதான் ஒய் காம்பினேட்டர் என்ற ஆக்சிலரேட்டர். ஜெசிகா அப்போது பாஸ்டனில் ஒரு வென்ச்சர் கேபிடல் நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அவர்கள் முடிவே சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். பணம் கையில் வைத்திருப்பவர்கள் இழுத்தடிப்பது என்ன செய்யும் என்பது எனக்கும் தெரியும். பதில் வராத மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிற பவுண்டர்களோடுதான் என் நாள் கழிகிறது.

இன்னும் கொஞ்சம் மேலே 135-ஆம் எண் கட்டடம். அவர்கள் ஒன்றாக எடுத்த முதல் தொகுதி நிறுவனங்கள், அதாவது முதல் பேட்ச், அந்தக் கோடையில் கூடியது இங்கேதான். 225 விண்ணப்பம் வந்தது, 8 நிறுவனங்களை எடுத்தார்கள். ஆளுக்கு 6,000 டாலர். இதே ஊரில் இருக்கும் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு ஒரு கோடைக்குக் கிடைக்கும் தொகையைக் கேட்டு வைத்த கணக்கு அது. இரண்டு பேர் இருந்தால் 12,000 டாலர், அதற்கு 6 சதவீதப் பங்கு. இன்று அவர்களே ஒரு நிறுவனத்துக்கு 5,00,000 டாலர் தருகிறார்கள். அதில் 1,25,000 டாலர் 7 சதவீதத்துக்கு, மிச்சம் சேஃப் என்ற, பின்னால் பங்காக மாறும் ஒப்பந்தத்தில்.

தொகையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தச் செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு. பேட்சில் இருந்த எல்லோரும் வாராவாரம் ஒரு நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கிரஹாமே சமைத்தார். பேட்ச் என்பதே, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பணம் போட்டால் வேலை சுலபம் என்று தொடங்கிய ஏற்பாடு. தனியாகக் கிடந்து திண்டாடுகிறவனுக்குப் பக்கத்தில் அதே திண்டாட்டத்தோடு ஏழெட்டுப் பேர் இருப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த முதல் பேட்சில்தான் ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளம். ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்சிஸ் ஒஹேனியனும் செல்போனில் சாப்பாடு ஆர்டர் செய்யும் யோசனையோடு வந்தார்கள், இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஊர் திரும்பும் ரயிலில் இருந்தவர்களைக் கிரஹாம் போனில் கூப்பிட்டு, 'யோசனை வேண்டாம், ஆட்கள் வேண்டும்' என்ற பொருளில் பேசித் திரும்ப வரவழைத்தார்.

இன்றும் செவ்வாய்க்கிழமைதான். திரும்பும் வழியில் ஒரு சிறு கடையில் பருப்பு சூப்பும் ரொட்டியும், 13 டாலர். பக்கத்து மேசைப் பெரியவர் என் தொப்பியைப் பார்த்து, 'இன்றைக்குத்தான் வாங்கினீர்களா?' என்று கேட்டார். விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவரே கத்தரிக்கோல் கேட்டு வாங்கி அறுத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 15, புதன் – ஆற்றுக்கு அக்கரை

பகல் முழுக்கக் கூட்டம். மதியம் ஒரு சாண்ட்விச் 16 டாலர், அதன்மேல் 7 சதவீத வரி, அதன்மேல் டிப்ஸ் கேட்கும் திரை. நின்றுகொண்டே வாங்குகிற சாப்பாட்டுக்கும் 20 சதவீதம் கேட்கிறது.

மாலையில் நடைபாலம் ஏறி ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பக்கம் போனேன். கீழே படகுகள் பயிற்சியில். எட்டுத் துடுப்பும் ஒன்றாக விழும் சத்தம் பாலத்தின் மேல்வரை கேட்டது.

ஜார்ஜ் டோரியட் பாடம் நடத்திய வளாகம் இது. 1899-இல் பாரிஸில் பிறந்து, 1921-இல் அமெரிக்கா வந்து, 1966 வரை இங்கே ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்குத் தளவாடம் வழங்கும் பிரிவில் பிரிகேடியர் ஜெனரல். 1946-இல் அமெரிக்கன் ரிசர்ச் அண்டு டெவலப்மெண்ட் என்ற நிறுவனம் தொடங்கியது. சுருக்கமாக ஏஆர்டி. எம்ஐடி தலைவர் கார்ல் காம்ப்டன், பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கித் தலைவராக இருந்த ரால்ஃப் ஃப்ளாண்டர்ஸ் போன்றவர்கள் பின்னணியில் இருந்தார்கள். அதுவரை புதுத் தொழிலுக்குப் பணம் வேண்டுமென்றால் ராக்ஃபெல்லர், விட்னி போன்ற பணக்காரக் குடும்பங்களின் வாசலில் நிற்க வேண்டும். யாரும் பங்கு வாங்கலாம், அந்தப் பணம் புதிய நிறுவனங்களுக்குப் போகும் என்று முதலில் செய்து காட்டியது ஏஆர்டி.

பிரான்ஸில் பிறந்தவர் பாஸ்டனில் செய்தது இப்போது சுற்றி வந்து பாரிஸிலேயே நிற்கிறது. 1920-களில் கட்டிய பழைய ரயில் சரக்குக் கொட்டகையில் 2017-இல் ஸ்டேஷன் எஃப் திறந்தார்கள். 34,000 சதுர மீட்டர், ஏறத்தாழ 1,000 ஸ்டார்ட்அப்களுக்கு இடம்.

இருட்டியதும் குளிர் எலும்புக்குள் இறங்கியது. சீக்கிரம் படுத்தேன்.

அக்டோபர் 16, வியாழன் – கெண்டல் சதுக்கம்

எம்ஐடிக்கு ஒட்டிய கெண்டல் சதுக்கத்தில் மருந்து நிறுவனங்களும் ஆய்வுக்கூடங்களும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. 1999-இல் கேம்பிரிட்ஜ் இன்னொவேஷன் சென்டர் வந்த பிறகு, ஒரு மேசையும் நாற்காலியும் மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கம்பெனி தொடங்க முடியும் என்று ஆனது. அவர்களோடு சேர்ந்த வென்ச்சர் கஃபேயில் வியாழன் மாலை யார் வேண்டுமானாலும் வரலாம்.

இந்த ஊர்க்காரர்களின் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. கைகுலுக்கியதும் 'எந்த ஊர்' என்று கேட்பதில்லை. 'என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்' என்பார்கள். நாம் சொல்லி முடித்ததும் 'உங்களுக்கு யாரைத் தெரிந்தால் உதவியாக இருக்கும்' என்பது அடுத்த கேள்வி. சும்மா மரியாதைக்கு இல்லை. ஒருவர் என் முன்னாலேயே போனை எடுத்து, நான் கேட்ட ஆளுக்கு அறிமுகக் கடிதம் அடித்து அனுப்பிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போனார்.

சிலி நாட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த ஓர் ஐரிஷ்காரரிடம் வெகுநேரம் பேசினேன். சிலி அரசாங்கம் 2010-இல் ஸ்டார்ட்-அப் சிலி தொடங்கியபோது வெளிநாட்டுப் பவுண்டர்களைக் கூப்பிட்டு 40,000 டாலர் கொடுத்தது, ஒரு வருட விசாவும் கொடுத்தது, பங்கு ஒரு துளிகூடக் கேட்கவில்லை. சான்டியாகோவில் வந்து வேலை செய், எங்கள் பிள்ளைகளோடு பழகு, அவ்வளவுதான் நிபந்தனை. பலர் பணம் தீர்ந்ததும் கிளம்பிப் போய்விட்டார்கள் என்று ஒரு குறை சொல்வது உண்டு. அவர் அதை ஒப்புக்கொண்டார். 'ஆனால் நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பையன் இப்போது சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறான். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?' என்றார்.

இஸ்ரேல் வேறு வழி போனது. 1993-இல் அரசு யோஸ்மா என்று 100 மில்லியன் டாலர் ஒதுக்கி, தனியார் நிதிகளோடு கூட்டுச் சேர்ந்தது. நஷ்டம் வந்தால் நான் தாங்குகிறேன் என்று சொல்லவில்லை. லாபம் வந்தால் என் பங்கைப் போட்ட விலையோடு வட்டி சேர்த்து ஐந்து வருடத்துக்குள் நீயே வாங்கிக்கொள் என்றது. அரசாங்கப் பணத்தைப் போடுவதில் இவ்வளவு நுட்பமான ஏற்பாடு வேறெதையும் நான் படித்ததில்லை.

கிளம்பும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: "அக்கா, நீங்கள் தமிழோ?"

பெற்றோர் யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்தது டொரொண்டோ, படிக்க இங்கே வந்தவள். கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து தடுப்பூசிகளைக் கொண்டுபோகும் குளிர்ப்பெட்டி செய்கிறாள். மின்சாரம் போனாலும் நான்கு நாள் குளிர் தாங்குமாம். போனில் படம் காட்டினாள். மூடியின் ஓரத்தில் ரப்பர் பட்டை சரியாகப் பொருந்தாமல் போனதற்கே எட்டு மாதம் போனதாம். அந்த ரப்பரைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ஒரு ஃபண்ட் டேர்ம் ஷீட் தந்திருக்கு அக்கா. ரெண்டு மில்லியன். வாசிச்சுப் பார்த்தன், ஒரு இடம் விளங்கேல்லை. ஆரிட்டக் கேக்கிறதெண்டும் தெரியேல்லை." டேர்ம் ஷீட் என்றால், பணம் போடும் முன் முதலீட்டாளர் தன் நிபந்தனைகளை எழுதித் தரும் காகிதம்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்மா. எடுத்துட்டு வா, உக்காந்து பாப்போம்" என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி – மேனார்ட்

போர்ட்டர் சதுக்கத்தில் புறநகர் ரயில் ஏறி சவுத் ஆக்டனில் இறங்கினேன். அங்கிருந்து பழைய தண்டவாளப் பாதையை நடைபாதையாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு மைலுக்குச் சற்று மேல் நடந்தால் மேனார்ட். மேப்பிள் இலைகள் சிவப்பும் மஞ்சளுமாகக் காலடியில் நொறுங்கின. நாயோடு போகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். பாதி வழியில் மழை பிடித்தது. ஒதுங்க இடமில்லை. மேனார்ட் போய்ச் சேர்ந்தபோது காலுறையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது.

முதல் வேலையாக ஒரு பேக்கரி. ஆப்பிள் சாறு ஊற்றிப் பிசைந்து பொரித்த டோனட், மேலே பட்டைத்தூளும் சர்க்கரையும். சூடாக இரண்டு, காபியோடு 9 டாலர். இலையுதிர் காலத்துக்கே உரிய பண்டம். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே இதுதான் முதலிடம்.

ஊர் நடுவே அந்த மில். 1840-களில் தொடங்கிய கம்பளி ஆலை, செங்கல் கட்டடங்கள், பக்கத்தில் குளம், 1892-இல் வைத்த மணிக்கூண்டு. 1957-இல் கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் இந்தக் கட்டடத்தில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்து டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பணம் தந்தது டோரியட்டின் ஏஆர்டி: 70,000 டாலர், 70 சதவீதப் பங்கு. இயக்குநர் குழு முன்னால் பேசப் போகும் முன் அவர்களுக்குச் சொல்லப்பட்ட புத்திமதிகளை ஓல்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கம்ப்யூட்டர் என்ற சொல்லை எடுக்காதே, அதில் யாரும் சம்பாதிக்கவில்லை என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். 5 சதவீத லாபம் என்று சொல்லாதே, அதற்கு யாரும் பணம் போட மாட்டார்கள். சீக்கிரம் லாபம் வரும் என்று சொல், குழுவில் பெரும்பாலோர் வயதானவர்கள்.

70 சதவீதம்! இன்று யாராவது அப்படி ஒரு டேர்ம் ஷீட் நீட்டினால் நானே கிழித்துப் போடச் சொல்வேன். அந்தப் பங்கு 15 ஆண்டுக்குள் 350 மில்லியன் டாலருக்கும் மேல் போனது. ஏஆர்டியின் வெற்றி என்று உலகம் பேசுவது இந்த ஒன்றைத்தான். மற்ற முதலீடுகளில் நன்றாகப் போனவையும் உண்டு, மூழ்கியவையும் உண்டு, எல்லாவற்றையும் இந்த ஒன்று தூக்கி நிறுத்தியது. வென்ச்சர் கேபிடல் கணக்கு இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறது. பத்தில் ஒன்று பறந்தால் போதும்.

பேக்கரியில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் 1970-களில் இந்த மில்லில் வேலை பார்த்தவர். என் ஈரக் காலணியைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். கோடையில் வெயில் ஏறினால் நூறு வருடக் கம்பளியின் எண்ணெய் தரைப் பலகையிலிருந்து கசியுமாம். நாற்காலிச் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும், சட்டையில் ஆட்டு வாடை. பன்னிரண்டு கட்டடமும் பாலங்களால் கோத்திருக்கும், புதிதாகச் சேர்ந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய் வழி தெரியாமல் சுற்றுவார்களாம்.

"டோரியட்டைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றேன்.

"ஒரு தடவை, தூரத்தில். ஜெனரல் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஓல்சனிடம் பணம் போட்டவர் பேசுகிற மாதிரிப் பேச மாட்டார், வாத்தியார் மாதிரிப் பேசுவார் என்று சொல்வார்கள்."

அவரே காரில் ஸ்டேஷன்வரை கொண்டுவிட்டார். பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கப் போனேன், முகம் மாறிவிட்டது. மன்னிப்புக் கேட்டு உள்ளே வைத்துக்கொண்டேன்.

ரயிலில் ஒன்று யோசித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு பெரிய லாபத்தில் ஏஆர்டி ஊழியர்களுக்குக் கிடைத்தது சொற்பம். பொதுப் பங்கு நிறுவனம் என்பதால் விதிகள் கையைக் கட்டிப் போட்டன. டோரியட்டிடம் பல வருடம் இருந்த வில்லியம் எல்ஃபர்ஸ் 1965-இல் வெளியேறி கிரேலாக் என்ற வென்ச்சர் கேபிடல் நிறுவனத்தைத் தொடங்கினார், கூட்டாண்மை வடிவத்தில். நிதியை நடத்துகிறவருக்கு ஆண்டுக்கு 2 சதவீதக் கட்டணம், லாபத்தில் 20 சதவீதம், பத்து வருடத்தில் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இன்று உலகமெங்கும் வழங்குகிற ஏற்பாடு இந்தக் கூட்டாண்மை வழியாக வந்ததுதான். பத்து வருடம் என்பது செயலிக்குப் போதும். தடுப்பூசிப் பெட்டிக்கும் பேட்டரிக்கும் மருந்துக்கும் போதாது. எம்ஐடி 2016-இல் தி என்ஜின் என்ற நிதியைத் தொடங்கியபோது, நீண்ட காலம் பிடிக்கிற கடினமான தொழில்நுட்பத்துக்கு என்றே தொடங்கியது. அப்படிப்பட்டவை இன்னும் நிறைய வர வேண்டும்.

அக்டோபர் 18, சனி – நியூ பெட்ஃபோர்ட்

பாஸ்டனிலிருந்து நியூ பெட்ஃபோர்டுக்கு 2025 மார்ச்சில்தான் பயணிகள் ரயில் திரும்ப வந்தது. வார இறுதிக்கு 10 டாலர் டிக்கெட், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். பெட்டி நிறையக் குடும்பங்கள். எதிர் சீட்டுச் சிறுமி ஜன்னலில் மூச்சு விட்டுத் திமிங்கிலம் வரைந்துகொண்டே வந்தாள்.

கடற்காற்று ஆளைத் தள்ளியது. இந்த ஊரில் போர்த்துகீசிய வம்சாவளி அதிகம். காலை உணவாகப் பூண்டும் மிளகாய்த்தூளும் போட்ட லிங்குயிசா என்ற பன்றியிறைச்சித் தொத்திறைச்சி, முட்டை, ரொட்டி, 11 டாலர். காரம் நாக்குக்கு ஏறியதும் கண்ணே திறந்தது. பரிமாறிய அம்மாள் 'இன்னும் காரம் வேண்டுமா' என்று தானே கேட்டு ஒரு சிவப்புக் குழம்பைக் கொண்டுவந்து வைத்தார்.

திமிங்கில அருங்காட்சியகத்தில் நுழைந்ததும் தலைக்கு மேல் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. கப்பல் மோதி 1998-இல் இறந்த குட்டி. குட்டியே 66 அடி. எலும்பிலிருந்து இன்னும் எண்ணெய் கசிகிறது. அது சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியே இறங்கிச் சேர ஒரு கண்ணாடிக் குடுவை வைத்திருக்கிறார்கள். தேன் நிறத்தில் அடியில் கிடக்கிறது. இந்த எண்ணெய்க்காகத்தான் ஒரு நூற்றாண்டு முழுக்க உலகக் கடல்களில் வேட்டையாடினார்கள். விளக்கெரிக்க, எந்திரத்துக்கு மசகிட.

நான் இங்கே வந்தது அந்த வேட்டைக்கு யார் பணம் போட்டார்கள் என்று பார்க்க. 1850-களில் இந்தத் துறைமுகத்தில் மட்டும் 300-க்கு மேல் திமிங்கிலக் கப்பல்கள். ஒரு பயணம் மூன்று, நான்கு வருடம். கப்பல் திரும்பாமலே போகலாம், திரும்பினாலும் பீப்பாய் காலியாக இருக்கலாம். அதனால் யாரும் ஒரே கப்பலில் எல்லாப் பணத்தையும் போடவில்லை. ஒரு கப்பலை 32 பங்கு, 64 பங்கு என்று பிரித்து, ஒவ்வொருவரும் பல கப்பல்களில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினார்கள். நடுவில் ஏஜென்ட். பணம் திரட்டுவது, கேப்டனைத் தேர்ந்தெடுப்பது, நான்கு வருடத்துக்கான சாமான் ஏற்றுவது எல்லாம் அவர். கப்பலில் போகிறவர்களுக்குக் கூலி கிடையாது, லாபத்தில் பங்கு. கேப்டனுக்கு ஏறத்தாழ 1/15. முதன்முதலாகக் கடலுக்குப் போகிறவனுக்கு 1/200 அளவில்.

இதில் நம் தொழிலின் ஒவ்வொரு உறுப்பும் இருக்கிறது. நிதி, நிதி மேலாளர், பல இடத்தில் பிரித்துப் போடும் முதலீடு, லாபப் பங்கு எல்லாம். தொழில் கட்டுரைகளில் இந்த ஒப்பீட்டைப் பல தடவை படித்திருக்கிறேன். அங்கே சொல்லாத ஒன்று லகோடா என்ற கப்பலின் பாதி அளவு மாதிரியில் ஏறி நின்றபோது கண்ணில் பட்டது. 1916-இல் கட்டியது, 89 அடி. அதன் அருகே மாலுமிகளின் கணக்கைப் பற்றிப் படித்தேன். பயணத்தில் எடுத்த சட்டை, புகையிலை, காலணி எல்லாம் கப்பல் கடையில் கடனாக எழுதப்படும், வட்டியோடு. ஊர் திரும்பி 1/200-ஐக் கணக்குப் பார்த்தால், சிலருக்குக் கடன்தான் மிச்சம். நான்கு வருடம் கடலில் கிடந்து, கப்பலும் எண்ணெயோடு கரை சேர்ந்து, கையில் ஒன்றுமில்லை.

பணம் போட்டவருக்குப் பல கப்பல். மாலுமிக்கு ஒன்றுதான்.

நான் உட்காரும் மேசையில் இந்த வித்தியாசத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பத்தில் ஒன்று போதும் என்று கணக்குப் போடுகிறவர் மற்ற ஒன்பது பவுண்டர்களிடமும் அதே வேகத்தில் ஓடு, இன்னும் பெரிதாக ஆக்கு, இன்னும் திரட்டு என்கிறார். ஓட முடியாத கம்பெனி சிறிய அளவில் நன்றாக வாழ்ந்திருக்கலாம். அதற்கு வாய்ப்பே கொடுப்பதில்லை.

தெருவுக்கு எதிரே மாலுமிகளின் தேவாலயம், 1832-இல் கட்டியது. சுவரெங்கும் பளிங்குப் பலகைகள், கடலில் போனவர்களின் பெயரும் வயதும். 18, 19 வயதெல்லாம் இருக்கிறது. அங்கே நிற்க முடியவில்லை.

1871 செப்டம்பரில் அலாஸ்காவுக்கு வடக்கே 33 திமிங்கிலக் கப்பல்கள் பனிக்கட்டியில் சிக்கிக் கைவிடப்பட்டன. 1,219 பேர் சிறு படகுகளில் இறங்கித் தப்பி வந்தார்கள். பனிக்கு வெளியே நின்ற ஏழு கப்பல்கள் காத்திருந்து, பிடித்து வைத்திருந்த எண்ணெயையும் எலும்பையும் சாமானையும் கடலில் எறிந்து இடம் பண்ணி அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டன. ஒருவர்கூடச் சாகவில்லை. அந்த ஏழு கேப்டன்களும் எறிந்தது தங்கள் ஆட்கள் அத்தனை பேரின் பங்கையும்தான்.

மதியம் ஸ்காலப் வறுவல். இங்கே இறங்கும் மீன் வகைகளில் அதுதான் பெரிய வியாபாரம். 26 டாலர், தட்டு நிறைய. மேல்மாவு மெல்லிசு, உள்ளே இளசு. கரையில் நின்ற நீர்க்காக்கை ஒன்று என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, படகுக்காரர் விரட்டினார்.

அக்டோபர் 19, ஞாயிறு – சார்ல்ஸ் ஆற்றங்கரை

ஆற்றின் இரு கரையிலும் தலையாகத் தெரிகிறது. படகு ஒவ்வொன்றும் பாலத்தடியில் திரும்பும்போது கல்லூரிப் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். தோற்றுப் பின்னால் வருகிற படகுக்கும் அதே கத்தல்.

குளிர்ப்பெட்டிப் பெண் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். ஒரு டப்பாவில் வீட்டில் செய்த ரோல்ஸ், உள்ளே மீனும் உருளைக்கிழங்கும். "அம்மா சொல்லித் தந்தவ, வடிவா வரேல்லை அக்கா" என்றாள். நன்றாகவே வந்திருந்தது.

புல்லில் உட்கார்ந்து டேர்ம் ஷீட்டைப் பிரித்தோம். அவளுக்குப் புரியாத இடத்தில் இருந்தது: நிறுவனத்தை விற்றால் முதலீட்டாளருக்கு முதலில் 2 மடங்கு, அதற்கு மேல் மிச்சத்திலும் பங்கு. போட்டி நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2 மில்லியன் போட்டு 25 சதவீதம் வாங்குகிறார்கள். நாளைக்குக் கம்பெனி 6 மில்லியனுக்கு விலை போகிறது என்று வை. முதலில் 4 மில்லியன் அவர்களுக்கு. மிச்சம் 2 மில்லியனில் கால் பங்கும் அவர்களுக்கே. ஆக 4.5 மில்லியன். உனக்கும் உன் கூட்டாளிக்கும் ஊழியர்களுக்கும் எல்லோருக்கும் சேர்த்து 1.5. இதுவே 1 மடங்கு, மிச்சத்தில் பங்கு இல்லை என்று இருந்தால், அவர்கள் போட்ட 2 மில்லியனை எடுத்துக்கொள்வார்கள், 4 மில்லியன் உங்களுக்கு.

அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப கம்பெனி நல்லா வித்தாலும் எங்களுக்கு இவ்வளவுதானா?"

"சின்ன விலைக்கு வித்தா அப்படித்தான்மா. 100 மில்லியனுக்குப் போனா இந்த வித்தியாசம் பெரிசாத் தெரியாது. ஆனா எல்லாரும் 100 மில்லியனுக்குப் போறதில்லை."

"நான் இதைக் கேட்டா அவங்கள் பின்வாங்கிப் போயிடுவினமோ?"

"கேக்கறது தப்பே இல்லை. ஒரு மடங்கு, மிச்சத்துல பங்கு இல்லைன்னு இருக்கறதுதான் சாதாரண வழக்கம். அதையே கேளு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஸ்டார்ட்அப் வேலை பார்க்கிற வக்கீல் ஒருத்தர்கிட்ட மட்டும் கண்டிப்பா காட்டிடு."

பங்கு கேட்காத ஆக்சிலரேட்டர்கள் இதே ஊரில் இருப்பதையும் சொன்னேன். மாஸ்சேலஞ்ச் தொடக்கத்திலிருந்து அப்படித்தான் நடத்துகிறது. இந்த நிதி ஒத்துவராவிட்டால் சில மாதம் மூச்சுவிட ஒரு வழி வேண்டுமே. அவள் குறித்துக்கொண்டாள். பிறகு அங்கேயே கூட்டாளிக்குப் போன் போட்டு, 4.5-க்கும் 1.5-க்கும் கணக்கை அவளே விளக்கினாள். என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

இரண்டு மணிக்கு நான் கிளம்ப வேண்டியதாயிற்று. கூட்டத்தில் பையை இழுத்துக்கொண்டு ஹார்வர்ட் ஸ்டேஷன் வரவே முக்கால் மணி நேரம் பிடித்தது.

இதைப் பதிவிடும் முன் அவளிடமிருந்து செய்தி வந்தது. 2 மடங்கை 1 மடங்காக்கச் சம்மதித்துவிட்டார்களாம். மிச்சத்தில் பங்கு என்ற வரியை மட்டும் விட மாட்டேன் என்கிறார்களாம். இன்னொரு நிதியோடும் பேச்சைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை எனக்கு அறிமுகக் கடிதம் அடித்தவரின் எண்ணையும் அனுப்பி வைத்தேன்.